கதவைத் தட்டாத முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்

அத்தியாயம் 6

பொம்மைகள் சந்தா கட்டாது. இரண்டு நாளாக எங்களை அலைக்கழித்தது அந்த ஒரு விஷயம்தான்.

புதன்கிழமை காலை பதினோரு மணி. மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. 'ஆறாம் மதில்' என்ற ஆன்லைன் விளையாட்டைப் பதினெட்டு வருடமாக நடத்திவரும் அலுவலகம். ஐம்பது மேஜை போட்ட கூடத்தில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற மேஜைகளில் மானிட்டர் இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரமாகத் தெரிந்தது.

மாமா நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே களைத்திருந்தார். என் அக்காவின் கணவர். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கிடங்குகளை விசாரித்தவர், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் உதவியாளன். என் சம்பளத்தை நிர்ணயித்தது அக்கா. அதனால் மேல்முறையீடு கிடையாது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் மாமா.

"ரெண்டு நாளா அதைத்தானே சொல்லிட்டு இருக்கேன்," என்றார் முதலாளி. ஐம்பத்தைந்து வயது. சட்டைக் காலர் தேய்ந்திருந்தது.

"நானும் ரெண்டு நாளா கேட்டுட்டுத்தான் இருக்கேன். இன்னும் ஒரு தடவை."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஒரு காலத்துல நாற்பதாயிரம் பேர் மாசாமாசம் சந்தா கட்டி ஆடினாங்க. இப்ப ஆயிரத்து ஐநூத்து இருபத்து நாலு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வாங்கறவர் வர்றார். கடைசி முப்பது நாள்ல ஆயிரத்து ஐநூறு சந்தாதாரர் உள்ள வந்து போயிருந்தா, விளையாட்டையும் எடுத்துக்குவார், இந்தப் பதினொரு பேரையும் எடுத்துக்குவார். ஒண்ணு குறைஞ்சாலும் மாசக் கடைசியில கதவைச் சாத்த வேண்டியதுதான். எண்ணிக்கை உண்மைன்னு நான் கையெழுத்துப் போடணும்."

"அதுல முன்னூத்துப் பன்னிரண்டு பேர் பொம்மை."

"அப்படித்தான் ஆடறவங்க புகார் பண்றாங்க. தினமும் பத்து மணிக்கு மேல வரிசையா வர்றாங்க. சந்தைத் திடல்ல நிக்கறாங்க. பேச்சு இல்ல, சண்டை இல்ல. சாயந்திரம் போயிடறாங்க. எவனோ போலிக் கணக்குகளை விட்டிருக்கான்னு நினைச்சா, முன்னூத்துப் பன்னிரண்டு பேரும் முன்னூத்துப் பன்னிரண்டு கார்டுல ஒழுங்கா சந்தா கட்டறாங்க."

"சந்தாவும் கட்டி, வாயும் திறக்காம நிக்கறாங்களா?" என்றேன். "அக்காகிட்ட சொல்லணும் மாமா. அவங்க கேட்ட மாப்பிள்ளை இதுதான்."

மாமா என்னைப் பார்க்கவில்லை. "ஆளா, பொம்மையா. அது தெரிஞ்சா கையெழுத்துப் போடலாம். அவ்வளவுதானே?"

"பொம்மைன்னு தெரியாம போட்டுட்டா மோசடி கேஸ்," என்றார் முதலாளி. "எனக்கு சர்வர் ரூம் ஆள் மேலதான் சந்தேகம். உள்ள புகுந்து செய்யறதுக்கு அவனைத் தவிர இங்க யாருக்கும் அறிவு கிடையாது."

மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அறிவு இருக்கறவனை மட்டும் பிடிக்கறதுன்னா என் தொழில் ரொம்ப சுலபமா இருந்திருக்கும்."

சர்வர் அறை குளிர்சாதனப் பெட்டிக்குள் நுழைந்தது போல இருந்தது. உள்ளே ஸ்வெட்டர் போட்ட ஒரு தாடிக்காரர், இரைச்சலுக்கு நடுவே ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"என்னை அரெஸ்ட் பண்றதுன்னா ரொட்டியை முடிச்சிடறேன்," என்றார்.

"யார் சொன்னது?"

"முதலாளி ரெண்டு நாளா எனக்கு நேரா குட்மார்னிங் சொல்றார். பதினெட்டு வருஷத்துல சொன்னதில்ல."

மாமா ஒரு காலி அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். பெட்டி முனகியது. "விளையாட்டு மூடியிருக்கறப்ப யாராவது வந்தா உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பாஸ்வேர்டு போடுவாங்க, கதவு திறக்காது. ஒவ்வொரு தட்டும் பதிவாகும். செவ்வாய்க்கிழமை காலைல ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் பராமரிப்பு. எழுதி ஒட்டியிருக்கோம், மெயில் அனுப்பறோம். பதினெட்டு வருஷமா அதே செவ்வாய். இருந்தும் நூறு பேர் தட்டுவாங்க. மூடியிருக்கான்னு பார்க்கவாவது தட்டுவாங்க."

"நம்ம முன்னூத்துப் பன்னிரண்டு பேர்?"

தாடிக்காரர் தேடினார். "இல்ல. ஒருத்தர்கூடத் தட்டல."

"ஒழுக்கமானவங்களா இருக்கும்," என்றேன். "மெயிலைப் படிக்கறாங்க. நானே பார்த்ததில்ல அப்படி மனுஷங்களை."

"சொல்லாம மூடின நாள் ஏதாவது உண்டா?" என்று கேட்டார் மாமா.

தாடிக்காரர் ரொட்டியைக் கீழே வைத்தார். "போன மாசம் ஒரு வியாழன். ஏ.சி. படுத்துடுச்சு. ரூம் கொதிச்சுது. பத்து மணி அடிச்ச கையோட எல்லாத்தையும் அணைச்சேன். நாற்பத்தஞ்சு நிமிஷம். யாருக்கும் சொல்ல நேரமில்ல."

"அந்த நாற்பத்தஞ்சு நிமிஷத்துல தட்டினவங்க?"

விசைகள் தட்டப்பட்டன. பட்டியல் திரையில் இறங்கிக்கொண்டே போனது. "அறுநூத்துச் சொச்சம் பேர். ஒருத்தன் மட்டும் நாற்பத்தோரு தடவை."

"பொம்மைங்க?"

தாடிக்காரர் மெதுவாகத் திரும்பினார். "பூஜ்யம். பத்து நாற்பத்தாறுக்குத் திறந்தேன். பத்து ஐம்பதுக்கு முதல் பொம்மை உள்ள வருது. அப்புறம் முப்பது முப்பதா."

மாமா பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"தினமும் பத்து மணிக்கு வர்றவங்க," என்றார் மாமா. "அன்னிக்கு மட்டும் கதவு மூடியிருக்குன்னு முன்னூத்துப் பன்னிரண்டு வீட்ல யார் போய்ச் சொன்னது? யாரும் சொல்லல. தட்டாதவனுக்கு மூடியிருக்கறது தெரியும். அது தெரிஞ்சவங்க இந்த மாடியில இருந்தவங்க மட்டும்தான்."

"அப்ப நான்தான்," என்றார் தாடிக்காரர் சலிப்போடு. "கணக்கு சரியா வருது. ரொட்டியை முடிச்சிடறேன்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் மாமா எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பிடிக்காத பதில் வந்தால் எழுந்திருக்க மாட்டார். பிடித்த பதில் வந்தாலும் முழங்கால் விடாது.

"ஒரே ஒரு கேள்வி," என்றார் தாடிக்காரரிடம். "நீங்க முன்னூறு பொம்மையை உள்ள விடறதுன்னா எங்க நிறுத்துவீங்க?"

"எங்க நிறுத்தினா என்ன? உள்ள நுழையற இடம் ஒண்ணு இருக்கு. அங்கேயே ஒண்ணு மேல ஒண்ணா விட்டுடுவேன். சர்வருக்கு எங்க நின்னாலும் ஒரே பாரம்தான்."

"மாப்ளே," என்றார் மாமா என்னிடம். "ஒரு கம்ப்யூட்டரைப் பிடி. ஊருக்குள்ள போய்ப் பார்ப்போம்."

கூடத்தில் ஒரு காலி மேஜையில் உட்கார்ந்து இரவல் மடிக்கணினியில், இரவல் கணக்கில் உள்ளே போனேன். எனக்குக் கிடைத்தது கோடரி பிடித்த ஒரு குள்ளன். நான் மூன்று வருடம் தண்ணீர் வாரியக் கால் சென்டரில் இரவு ஷிப்டில் ஃபோன் எடுத்தவன். பாதியில் விட்டுவிட்டு வந்தவன். இருட்டு என்றால் எனக்குப் பழக்கம். ஆனால் இந்த ஊரில் வெயில் அடித்தது. கோட்டைச் சுவர், கொடிகள், நடுவில் சந்தைத் திடல். திடல் நிறைய ஆட்கள்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தெரியாதவன் வந்தால் திருவிழாக் கூட்டம் என்றே நினைப்பான். கிட்டப் போனால்தான் யாரும் மூச்சு விடவில்லை என்பது தெரியும்.

"ஆயுதக் கடைக்குப் போ," என்றார் மாமா பின்னாலிருந்து.

போனேன். கடைக்காரனுக்கு நேரே நின்று கத்தி விலை பார்த்தேன். பத்து விநாடியில் திரையில் எழுத்து ஓடியது: 'வழியை விட்டு நில்லுடா குள்ளா.' அடுத்த வரியில் என் பரம்பரையையே இழுத்தார்கள்.

"மாமா, இவங்க உயிருள்ளவங்க. சந்தேகமே வேண்டாம்."

"நகராத. அப்படியே திடலைச் சுத்திக் காட்டு."

காட்டினேன். மாமா மூக்குக்கண்ணாடியைத் திரைக்கு ஒட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கடை வாசல்ல எத்தனை பொம்மை நிக்குது?"

எண்ணினேன். "ஒண்ணும் இல்ல."

"கிணத்தடியில தண்ணி எடுக்கற இடத்துல?"

"இல்ல. தள்ளி நிக்குது."

"படிக்கட்டு? லாயம்? வங்கி?"

எங்கேயும் இல்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் சுவர் ஓரமாக, மர நிழலாக, இரண்டிரண்டு பேராக, ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றிருந்தார்கள். ஒவ்வொரு வாசலுக்கும் மூன்று அடி விட்டு.

"உங்க அக்கா வீட்டுக்கு நாலு பேர் வந்தாலே ஒருத்தன் ஃபிரிட்ஜ் கதவை மறைச்சுட்டு நிப்பான்," என்றார் மாமா. "முன்னூறு பேர்ல ஒருத்தன்கூட வழியில நிக்கலைன்னா, இவங்களை நிறுத்தினது யாரு? வழியில நிக்கறதுன்னாலே பயப்படற ஆளு. சர்வர்காரருக்கு எங்க நின்னாலும் ஒண்ணு. முதலாளிக்குத் திடல்ல எத்தனை வாசல் இருக்குன்னே தெரியாது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மூன்று வருட வேலையில் 'குழாய் ஒழுகுது' என்ற ஒரே புகாரை ஆறாயிரம் தடவை கேட்டவன் நான். இன்றைக்கும் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயை மூன்று தடவை மூடிப் பார்ப்பேன். கேட்டுக்கேட்டு உடம்பில் ஊறிவிடும்.

"இந்த ஆபீஸ்ல அதிகமா வர்ற புகார் எது?" என்று பக்கத்து மேஜையில் இருந்தவரிடம் கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "எவனோ கடை வாசல்ல நிக்கறான், நகரச் சொல்லுங்க. அதுதான். புகார் அக்காவைக் கேளுங்க, கனவுலயும் அதுதான் வருமாம்."

புகார் அக்காவின் மேஜை ஜன்னலோரத்தில் இருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு காலத்தில் முப்பது பேர் இருந்த புகார்ப் பிரிவில் மிஞ்சியவர். தலையில் ஹெட்ஃபோன், கையில் பின்னல் ஊசி. யாரோ திட்டுவதைக் கேட்டுக்கொண்டே மஃப்ளர் பின்னிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் "அஞ்சு நிமிஷத்துல நகர்த்திடறேன் சார்" என்று அழைப்பை முடித்தார்.

மாமா எதிரே உட்கார்ந்தார். "ஏ.சி. படுத்த அன்னிக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தீங்கம்மா?"

ஊசி நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"சர்வர் அண்ணன் கத்தினது இங்க வரைக்கும் கேட்டுது. சர்வர் ஏறி அவர் சிரிக்கற வரைக்கும் காத்திருந்தேன்," என்றார். "அவங்க வாசல்ல நிக்காததைப் பார்த்துக் கண்டுபிடிச்சீங்களா?"

"ஆமா."

"இத்தனை வருஷம் அதையே கேட்டுட்டு, நானே ஆளை வாசல்ல நிறுத்துவேனா?" அவர் குரலில் பயமில்லை. அலுப்புதான் இருந்தது. "அவங்க பொம்மை இல்ல சார். எல்லாரும் மனுஷங்க. தூங்கறவங்க."

"புரியல," என்றேன்.

"ஒரு காலத்துல ஆசையா ஆடியிருப்பாங்க. அப்புறம் கல்யாணம், வேலை, குழந்தை. ஆட்டத்தை விட்டாச்சு, சந்தாவை நிறுத்த மறந்தாச்சு. கார்டுல அதுபாட்டுக்குப் போயிட்டே இருக்கும். எங்களுக்குப் பாதிச் சோறு போட்டதே அவங்கதான். ரெண்டு வருஷம் முன்னாடி கார்டு கம்பெனி ஒரு விதி போட்டுது. தொண்ணூறு நாள் உள்ள வராதவங்களுக்கு, 'தொடர வேண்டுமா'ன்னு ஒரு கடிதம் போகணும்."

"போச்சா?"

"முதல் தடவை அறுநூறு பேருக்கு அனுப்பினேன். ஒரே வாரத்துல ஐநூத்து நாற்பது பேர் நிறுத்தினாங்க. அந்த மாசம் ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க. என் பக்கத்து மேஜைப் பொண்ணு போறப்ப அவ ஹெட்ஃபோனை எனக்குக் கொடுத்துட்டுப் போனா." தலையில் இருந்ததைத் தொட்டுக் காட்டினார். "அடுத்த தடவை நான் அனுப்பல. புகார் பார்க்கறதுக்காக, ஆடறவங்க பேர்ல உள்ள போற வசதி என்கிட்ட இருக்கு. அவங்க பேர்ல தினமும் ஒரு தடவை உள்ள போனா, அவங்க வந்ததா பதிவாகும். கடிதம் போகாது."

"தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை போனாப் போதுமே," என்றார் மாமா. "தினமும் எதுக்கு?"

"காலியான ஊரை யாருக்குப் பிடிக்கும் சார்? புதுசா வர்றவன் திடல்ல ஆளே இல்லைன்னா அஞ்சு நிமிஷத்துல போயிடறான். கூட்டம் இருந்தா கடையைப் பார்க்கறான், சண்டை பிடிக்கறான், தங்கறான். நிக்க ஆள் வேணும். என்கிட்ட முன்னூறு பேர் சும்மா இருந்தாங்க."

"அவங்க மறதிக்குக் காவல் நின்னிருக்கீங்க."

"யார் வீட்டுப் பூட்டையும் உடைக்கல."

"உடைச்சிருக்கீங்கம்மா," என்றார் மாமா மிருதுவாக. "சாவி உங்ககிட்ட இருந்ததால சத்தம் வரல."

அவர் ஒரு வரிசையைப் பின்னி முடித்தார்.

"முதல்ல யாரை உள்ள கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டார் மாமா. "முன்னூறு பேரை ஒரே நாள்ல ஆரம்பிச்சிருக்க மாட்டீங்க. முதல் ஆள் ஒருத்தர் இருப்பார்."

புகார் அக்கா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பட்டியலின் உச்சியில் இருந்த கணக்கைத் திறந்தார். கார்டுக்கு உரியவரின் புகைப்படமும் வந்தது.

நான் வாயைத் திறந்தேன். சொல்ல எதுவும் வரவில்லை. என் அக்கா இருந்திருந்தால் தேதியைக் குறித்து வைத்திருப்பாள்.

"கண்டுபிடிச்சாச்சா?"

எங்களுக்குப் பின்னால் முதலாளி நின்றிருந்தார். சர்வர் அறைக் கதவில் தாடிக்காரர் சாய்ந்திருந்தார்.

"ஆளுங்கதான் சார்," என்றார் மாமா. "உயிரோட இருக்கற, சந்தா கட்டற ஆளுங்க. ஆனா அவங்க வரல. இவங்கதான் அவங்க பேர்ல வர்றாங்க."

முதலாளிக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சிவந்தது. "நீயா? உன்னை நம்பித்தானே அந்தச் சாவியைக் கொடுத்தேன்? எழுந்திரு. இப்பவே எழுந்து போ. ஆடறவங்களோட பேர்ல நீ எப்படி ஆடலாம்? இந்த ஊரை நான் கட்டினேன். முதலாளியா இருந்தும் நான் காசு கொடுத்துத்தான் ஆடறேன். தினமும் உள்ள போறவன் நான். எனக்கே தெரியாம..."

"கடைசியா எப்ப சார் போனீங்க?" என்றார் மாமா.

"நேத்திக்கு. இல்ல, நேத்து வக்கீல் வந்திருந்தார். போன வாரம்." அவர் நிறுத்தினார். "கூடத்துச் சுவர்ல ஆடறவங்க எண்ணிக்கை ஓடுது. தினமும் பார்க்கறேன்."

"உள்ள போனதைக் கேட்டேன்."

புகார் அக்கா திரையை முதலாளி பக்கமாகத் திருப்பினார். முதலாளி குனிந்து பார்த்தார். அவருடைய படம். பதினெட்டு வருடத்துக்கு முந்தையது, தலை நிறைய முடி. அதன் கீழே கடைசியாக அவரே உள்ளே வந்த தேதி. இருபத்திரண்டு மாதம் ஆகியிருந்தது.

"உங்களுக்கும் தொண்ணூறு நாள் ஆயிருந்தது," என்றார் புகார் அக்கா. "அந்த ரெண்டாவது தடவை உங்களுக்குத்தான் முதல் கடிதம் போயிருக்கணும். கட்டின ஆளுக்கே 'தொடர வேண்டுமா'ன்னு எப்படி அனுப்பறது? அதனால நான் போய் உங்களை உள்ள நிறுத்தினேன். உங்களை நிறுத்தினப்புறம் மத்தவங்களை நிறுத்தறது கஷ்டமா இல்ல."

முதலாளி பக்கத்து நாற்காலியை இழுத்தார். அதில் தூசி இருந்தது. தட்டாமல் உட்கார்ந்தார்.

"எங்க நிக்கிறேன்?"

"கிணத்துக்குத் தள்ளி. வேப்பமரத்து நிழல்ல."

அவர் தலையாட்டினார். அந்த மரத்தை எந்த வருடம் நட்டோம் என்று யோசிப்பவர் போல இருந்தது. தாடிக்காரர் கதவிலிருந்து சத்தமில்லாமல் விலகிப் போனார்.

"சார்," என்றார் மாமா. "என் அறிக்கையில இது எல்லாம் இருக்கும். ஆனா அது உங்களுக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமை எந்த எண்ணுல கையெழுத்துப் போடறதுங்கறது உங்க பாடு."

"இவங்களைக் கழிச்சா எத்தனை?"

"ஆயிரத்து இருநூத்துப் பன்னிரண்டு," என்றார் புகார் அக்கா.

"வாங்கறவர் எழுந்து போயிடுவார்."

"ஆமா."

முதலாளி கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். மற்ற பத்து முதுகுகளும் வேலை செய்வதாகப் பாவனை செய்தன. அதில் ஒருவருக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்க இருந்தது. காலையில் காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் அவர்தான் என்னிடம் சொன்னார். முதலாளிக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

மாமா எழுந்து பையை எடுத்தார். எனக்குக் கண் காட்டினார். நான் நகரவில்லை.

"அந்தக் கடிதம்," என்றார் முதலாளி. "எனக்கு அனுப்பு."

"இப்பவா?"

"இப்ப."

அவர் சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தார். நாலு வரிக் கடிதம். அதைப் படிக்க அத்தனை நேரம் ஆகாது. கீழே இரண்டு பட்டன்கள் இருந்தன. கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

புகார் அக்கா பின்னலை மடியில் வைத்துவிட்டார்.

முதலாளி 'நிறுத்து' என்பதைத் தொட்டார். 'நிச்சயமாகவா?' என்று ஃபோன் இன்னொரு தடவை கேட்டது. மறுபடி தொட்டார். பிறகு ஃபோனை மேஜை மேல் கவிழ்த்து வைத்து, நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அடுத்தது யாரு?"

"ஒரு பல் டாக்டர்," என்றார் புகார் அக்கா. "ஏழு வருஷமா கட்டறார். ரெண்டு வருஷமா வரல."

"அனுப்பு," என்றார் முதலாளி.